ஜீனி எடிட்டருக்குள்ளேயே நிரலைக் கம்பைல் செய்து ஓட்டுவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பழைய மடிக்கணினி, நினைவகம் குறைவு, பெரிய ஐடிஇ-களை (நிரல் எழுதுவது முதல் ஓட்டுவது வரை எல்லாம் ஒன்றாக உள்ள மென்பொருள்கள்) திறந்தாலே திணறுகிறது. அதனால் ஜீனி என்ற சிறிய நிரல் எடிட்டரை நிறுவினீர்கள். சி++ நிரல் எழுதி எஃப்9 அழுத்தியபோது கம்பைலரே (நிரலைக் கணினி ஓட்டக்கூடிய ஃபைலாக மாற்றும் மென்பொருள்) இல்லை என்றது. பிறகு எதையோ நிறுவியதும் கம்பைல் ஆகிறது. ஆனால் எஃப்5 அழுத்தினால் சில நேரம் பழைய விடையே வருகிறது, சில நேரம் ஃபைலே இல்லை என்கிறது. எங்கே, எதை மாற்ற வேண்டும்?

பட்டன்களைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்று. எடிட்டர் எதையும் கம்பைல் செய்வதில்லை. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டி ஓட்டும் சாளரம்) நீங்கள் கையால் தட்டக்கூடிய ஒரு வரியை உங்களுக்குப் பதிலாக அது தட்டுகிறது. வருகிற பதிலை வாங்கிக் கீழே காட்டுகிறது. ஜீனி, சப்லைம் டெக்ஸ்ட், நோட்பேட்++, விம் எல்லாவற்றுக்கும் இதுதான் வேலை. ஆகவே பில்ட் சிக்கல், அதாவது நிரலை ஓடும் ஃபைலாகக் கட்டும்போது வரும் சிக்கல், எது வந்தாலும் இரண்டு விஷயங்களைத்தான் பார்க்க வேண்டும்: எடிட்டர் எந்த வரியைத் தட்டுகிறது, எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு தட்டுகிறது. இந்த இரண்டையும் பார்க்காமல் மெனுக்களை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் மணிக்கணக்கில் அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஜீனியை மூடிவிட்டு டெர்மினலில் தொடங்குங்கள். அங்கே ஓடாதது எடிட்டரிலும் ஓடாது. அங்கே ஓடிவிட்டால் எடிட்டரில் ஓட வைப்பது ஐந்து நிமிட வேலை.

லினக்ஸில், உபுண்டு அல்லது டெபியன் என்றால், பில்ட்-எசென்ஷியல் என்ற தொகுப்பை ஏப்ட் என்ற நிறுவும் கருவி வழியாக நிறுவினால் போதும். சி கம்பைலர், சி++ கம்பைலர், மேக் என்ற பில்ட் கருவி மூன்றும் வந்துவிடும். ஆப்பிளின் மேக் கணினியில் எக்ஸ்கோடின் கட்டளைவரிக் கருவிகளை நிறுவ வேண்டும். அங்கே ஜி++ (சி++ கம்பைலரை அழைக்கும் கட்டளை) என்று தட்டினாலும் உள்ளே ஓடுவது கிளாங் கம்பைலர். பிழைச் செய்திகளின் நடை வேறாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். விண்டோஸில்தான் சற்று வேலை இருக்கிறது. கம்பைலர் அதனுடன் வருவதில்லை. எம்சிஸ்2 என்ற கருவித் தொகுப்பை நிறுவி, அதன் பேக்மேன் என்ற நிறுவும் கருவி வழியாக யுசிஆர்டி64 பிரிவிலுள்ள ஜிசிசி (சி, சி++ கம்பைலர்) தொகுப்பை இறக்குவதைப் பரிந்துரைக்கிறேன். இணையத்தில் சுற்றும் பழைய மிங்டபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) நிறுவிகள் பலவற்றில் இருப்பது பல ஆண்டு பழைய ஜிசிசி; புதிய சி++ அம்சங்கள் அதில் வேலை செய்யாது. ஏன் என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

நிறுவிய பிறகும் "ஜி++ என்ற கட்டளை இல்லை" என்று வருகிறதா? அப்படியானால் கம்பைலர் இருக்கிறது, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரியவில்லை. ஒரு கட்டளையின் பெயரை மட்டும் தட்டினால் இயங்குதளம் அதை எல்லா ஃபோல்டரிலும் தேடாது. பாத் என்ற மாறியில் எழுதி வைத்த ஃபோல்டர்களில் மட்டும், எழுதிய வரிசையிலேயே தேடும். எம்சிஸ்2 வழக்கமான இடத்தில் நிறுவப்பட்டிருந்தால் சி டிரைவில் எம்சிஸ்64 ஃபோல்டர், அதற்குள் யுசிஆர்டி64, அதற்குள் பின் என்ற ஃபோல்டர். அந்த முழுப் பாதையையும் விண்டோஸ் அமைப்புகளில் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பகுதியில் பாத்துடன் சேர்க்க வேண்டும்.

இங்கே பலரும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒரு புரோகிராம் தொடங்கும் நொடியில் பாத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. பிறகு நீங்கள் பாத்தை மாற்றினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் ஜீனிக்கும் டெர்மினலுக்கும் அது தெரியாது. இரண்டையும் மூடித் திறக்க வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும்: டெர்மினல் திறக்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில் (இன்றைய மேக்கில் இசட்ஷ்ஆர்சி) பாத்தை மாற்றினால் டெர்மினலில் எல்லாம் ஓடும், ஆனால் மெனுவில் ஐகானைச் சொடுக்கித் திறந்த எடிட்டரில் ஓடாது. டெஸ்க்டாப் அந்த ஃபைலைப் படிப்பதில்லை. டெர்மினலிலிருந்தே எடிட்டரைத் திறந்து பாருங்கள். ஓடிவிட்டால் காரணம் அதுவேதான்.

எந்தக் கம்பைலர் உண்மையில் ஓடுகிறது என்று அறிய, விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் வேர் என்ற கட்டளை, லினக்ஸில் விச். அதன் பின்னால் ஜி++ என்று போட்டால் முழுப் பாதையைக் காட்டும். விண்டோஸில் இரண்டு வரி வந்தால் இரண்டு கம்பைலர்கள் இருக்கின்றன என்று பொருள். முதல் வரியில் இருப்பதுதான் ஓடும். இந்தச் சோதனையை பவர்ஷெல்லில் செய்யாதீர்கள். அங்கே வேர் என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர், ஒன்றும் காட்டாமல் திரும்பிவிடும்.

இனி கட்டளைக்கு வருவோம். கட்டளைகளை நான் வாயால் படித்துக் காட்டுவதுபோல் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். பேரெழுத்து வரும் இடங்களைத் தனியாகச் சொல்கிறேன். கணக்கு.சிபிபி என்ற ஃபைலைக் கம்பைல் செய்ய டெர்மினலில் தட்டுவது:

ஜி++ -வால் -ஜி -ஓ கணக்கு கணக்கு.சிபிபி

வால் என்பதில் டபிள்யூ மட்டும் பேரெழுத்து. எச்சரிக்கைகளைக் காட்டு என்று அதற்குப் பொருள். ஜி என்றால் பிழைதிருத்திக்குத் தேவையான தகவலைச் சேர். ஓ என்றால் அடுத்து வரும் பெயரில் ஓடும் ஃபைலை உருவாக்கு. பழகும் காலத்தில் வால் இல்லாமல் கம்பைல் செய்யவே செய்யாதீர்கள். நிபந்தனைக்குள் இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டுவிட்டால் மொழி அதைப் பிழை என்று சொல்லாது. வால் இருந்தால்தான் கம்பைலர் கையைப் பிடித்து இழுக்கும். புதிதாகக் கற்பவருக்கு அதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

டெர்மினலில் இது ஓடியதும் ஜீனியைத் திறக்கலாம். 2005-ல் என்ரிகோ ட்ரோகர் இதைத் தொடங்கியபோது நோக்கமே, சிறியதாக, வேகமாக, அதிகச் சார்புகள் இல்லாத ஒரு சூழல் வேண்டும் என்பதுதான். இன்றும் குறைந்த நினைவகத்தில் சட்டென்று திறக்கிறது. உங்கள் தேர்வு சரியானது. யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்.

ஒரு சி++ ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு பில்ட் மெனுவில் செட் பில்ட் கமாண்ட்ஸ் என்பதைத் திறங்கள். ஃபைல் திறந்திருப்பது முக்கியம். ஜீனி ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக கட்டளைகளை வைத்திருக்கிறது, திறந்திருக்கும் ஃபைலின் மொழிக்குரியதைத்தான் காட்டும். சேமிக்காத, பெயரில்லாத ஃபைலாக இருந்தால் ஜீனிக்கு மொழியே தெரியாது. எல்லாப் பட்டன்களும் மங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் பழுது ஜீனியில் இல்லை, ஃபைலை .சிபிபி என்ற பின்னொட்டுடன் சேமித்தால் எல்லாம் உயிர்பெறும்.

அந்தச் சாளரத்தில் மேலே அந்த மொழிக்கான கட்டளைகள், நடுவில் எந்த மொழிக்கும் பொதுவானவை, கீழே ஓட்டுவதற்கானவை. ஒவ்வொரு வரியிலும் பெயர், கட்டளை, எந்த ஃபோல்டரில் நின்று ஓட வேண்டும் என்று மூன்று கட்டங்கள். நாம் முதலில் கேட்ட இரண்டு விஷயங்களும் கண்ணெதிரே எழுதிக் கிடக்கின்றன, பாருங்கள். எனக்கு ஜீனியைப் பிடிப்பதற்குக் காரணமே இந்த வெளிப்படைத்தன்மை. எதையும் மறைத்து வைப்பதில்லை.

கட்டளைக்குள் சதவீதக் குறியுடன் வரும் எழுத்துகள் ஜீனி நிரப்பும் இடங்கள். %எஃப் என்றால் பின்னொட்டுடன் ஃபைலின் பெயர். %இ என்றால் பின்னொட்டு இல்லாத பெயர். %டி என்றால் ஃபைல் இருக்கும் ஃபோல்டர். %பி என்றால் புராஜெக்டின் அடி ஃபோல்டர். ஆகவே நாம் டெர்மினலில் தட்டிய வரி பில்ட் கட்டத்தில் இப்படி ஆகிறது:

ஜி++ -வால் -ஜி -ஓ "%இ" "%எஃப்"

ஓட்டும் கட்டத்தில்:

"./%இ"

இரட்டை மேற்கோள்களை நீக்கிவிடாதீர்கள். ஃபைலின் பெயரில் ஓர் இடைவெளி இருந்தாலும் மேற்கோள் இல்லாவிட்டால் கம்பைலர் அதை இரண்டு ஃபைல்களாக எடுத்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் புள்ளியும் சாய்கோடும் "நான் நிற்கும் இதே ஃபோல்டரில்" என்று பொருள்படும். லினக்ஸ், தான் நிற்கும் ஃபோல்டரைத் தானாகத் தேடாது. அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

என் சொந்தக் கருத்து, நிரல் கற்பவர் தன் ஃபோல்டர்களுக்கும் ஃபைல்களுக்கும் இடைவெளி இல்லாத, எளிய ஆங்கில எழுத்துப் பெயர்களை வைப்பது நல்லது. தமிழ்ப் பெயர் வைப்பது தவறு என்பதற்காக இல்லை. பல பழைய கருவிகள், குறிப்பாக விண்டோஸில், ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்து, எண், குறிகளின் தொகுதி) தாண்டிய எழுத்துகளைப் பாதையில் கண்டால் இன்னும் தடுமாறுகின்றன. கற்கும் நாட்களில் அந்தச் சண்டை உங்களுக்கு வேண்டாம். மேலே கணக்கு என்று நான் எழுதியதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்டதன் மையம்: எஃப்8, எஃப்9, எஃப்5 மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

எஃப்8 கம்பைல் மட்டும் செய்கிறது. அதன் கட்டளையில் -சி என்று ஒன்று இருக்கும். மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றி ஆப்ஜெக்ட் ஃபைலாக வைத்துவிட்டு நின்றுவிடு என்று அதற்குப் பொருள். ஆப்ஜெக்ட் ஃபைல் ஓடாது. அதில் நீங்கள் பயன்படுத்திய நூலகச் செயல்பாடுகள் வெறும் பெயர்களாகத்தான் இருக்கும். அந்தப் பெயர்களை உண்மையான இடங்களோடு கோத்து, ஓடக்கூடிய ஃபைலாக ஆக்குவது லிங்கரின் வேலை. எஃப்9 இரண்டையும் சேர்த்துச் செய்கிறது. எஃப்5 எதையும் கம்பைல் செய்யாது. அங்கே கிடக்கும் ஓடும் ஃபைலை எடுத்து ஓட்டும்.

உங்கள் இரண்டு புதிர்களும் இதிலேயே அவிழ்ந்துவிடும். எஃப்8 அழுத்திவிட்டு எஃப்5 அழுத்தினால், ஆப்ஜெக்ட் ஃபைல் மட்டுமே இருக்கும், ஓடும் ஃபைல் இருக்காது. எனவே ஃபைல் இல்லை என்ற செய்தி. பழைய விடை வரும் கதை இன்னும் வருத்தம் தருவது. நிரலைத் திருத்துகிறீர்கள், எஃப்9 அழுத்துகிறீர்கள், ஏதோ ஒரு சிறு பிழையால் பில்ட் தோற்கிறது. கீழே சிவப்பாக வந்ததைக் கவனிக்காமல் எஃப்5 அழுத்துகிறீர்கள். நேற்று உருவான ஓடும் ஃபைல் அங்கேயே இருக்கிறது, அது ஓடுகிறது, நேற்றைய விடையையே தருகிறது. திருத்தியது தவறு என்று எண்ணி, சரியாக எழுதிய வரியையும் கலைக்கத் தொடங்குகிறீர்கள். ஒரு மாணவி ஒரு மாலை முழுவதும் இப்படிச் சரியான நிரலை அழித்து அழித்து எழுதியதை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அறிவுக்குறைவு துளியும் இல்லை. பில்ட் தோற்றாலும் பழைய ஃபைல் இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

இதற்கு ஒரு நல்ல தீர்வு உண்டு. ஓட்டும் கட்டத்தில் கட்டளையை இப்படி மாற்றிக்கொள்ளலாம்:

ஜி++ -வால் -ஜி -ஓ "%இ" "%எஃப்" && "./%இ"

நடுவில் இருக்கும் இரட்டை ஆம்பர்சாண்ட், "முதல் வேலை வெற்றி பெற்றால் மட்டும் அடுத்ததைச் செய்" என்று பொருள்படும். எஃப்5 ஒன்றை அழுத்தினாலே கம்பைல் ஆகி ஓடும். கம்பைல் தோற்றால் பழையது ஓடாது. ஒரே ஒரு குறை: பிழைச் செய்திகள் ஜீனியின் கீழ்ப்பலகையில் வராமல் டெர்மினல் சாளரத்தில் வரும். கீழ்ப்பலகையில் வந்தால் அந்தச் செய்தியைச் சொடுக்கியதும் நிரலில் அந்த வரிக்கே தாவலாம், பிழையுள்ள வரியின் கீழ் சிவப்புக் கோடும் விழும். அந்த வசதி போய்விடும். அதனால் நான் எஃப்9, எஃப்5 என்று பிரித்தே வைத்திருக்கிறேன், கீழ்ப்பலகையைப் பார்க்கும் பழக்கத்தோடு. புதியவர்களுக்கு மட்டும் முதல் சில வாரங்களுக்கு இணைத்துக் கொடுப்பேன்.

விண்டோஸில் இன்னொன்றும் பழைய விடைக்குக் காரணமாகும். நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதாவது இன்புட்டுக்குக் காத்திருக்கும் கறுப்புச் சாளரம் பின்னால் திறந்து கிடந்தால், அந்த ஃபைலின் மேல் எழுத விண்டோஸ் விடாது. லிங்கர் "பெர்மிஷன் டினைடு" என்று சொல்லித் தோற்கும். அனுமதி இல்லை என்றதும் பலர் நிர்வாகி உரிமையோடு எடிட்டரைத் திறக்கப் போகிறார்கள். தேவையில்லை. அந்தச் சாளரத்தை மூடினால் போதும். எதையும் திறந்து வைக்காமலேயே இது வந்தால், வைரஸ் தடுப்பு மென்பொருள் புதிதாக முளைத்த ஃபைலைச் சோதித்துக்கொண்டிருக்கலாம், அல்லது நீக்கியே இருக்கலாம். அதன் பதிவேட்டைப் பாருங்கள்.

பிழைச் செய்திகளைப் படிப்பதைப் பற்றிக் கொஞ்சம். முதல் பிழையை மட்டும் படியுங்கள். அதைத் திருத்தி மறுபடி பில்ட் செய்யுங்கள். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் அதற்குப் பின் வரும் நாற்பது செய்திகளும் அதன் எதிரொலிதான். வரி எண்ணோடு "எரர்" என்று வந்தால் அது கம்பைலர் பேசுவது. "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" என்று வந்தால், வரி எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், லிங்கர் பேசுகிறது: ஒரு பெயரை அழைத்திருக்கிறீர்கள், அதன் உடலை அது எங்கும் காணவில்லை. அப்போது இலக்கணத்தைத் தேடிப் பயனில்லை. சி++ நிரலை ஜி++ என்பதற்குப் பதில் ஜிசிசி கொண்டு கட்டினால் திரையில் அச்சிடும் சிஅவுட் கூட இப்படித்தான் காணாமல் போகும், ஏனென்றால் ஜிசிசி சி++ நூலகத்தைத் தானாகச் சேர்க்காது. லினக்ஸில் சி நிரலில் வர்க்கமூலம் போன்ற கணிதச் செயல்பாடுகளுக்கு -எல்எம் சேர்க்க வேண்டியிருக்கும். அதையும் ஃபைலின் பெயருக்குப் பின்னால் போட வேண்டும். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகிறது. தேவை எழுவதற்கு முன்பே நூலகத்தைக் காட்டினால் பல அமைப்புகளில் அதைத் தாண்டிப் போய்விடும்.

எஃப்5 அழுத்தினால் லினக்ஸில் எதுவுமே நடக்கவில்லை என்றால், ப்ரிஃபரென்சஸ் சாளரத்தின் டூல்ஸ் பகுதியில் டெர்மினல் என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே எக்ஸ்டெர்ம் என்று இருக்கும், உங்கள் கணினியில் அது நிறுவப்படாமல் இருக்கும். எக்ஸ்டெர்மை நிறுவுவதுதான் எளிய வழி. சிறியது, எங்கும் ஓடும்.

நிரல் ஓடி முடிந்ததும் ஜீனி அந்தச் சாளரத்தை உடனே மூடாமல், முடிவு எண்ணைக் காட்டிக் காத்திருக்கும். அந்த எண்ணை எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். அது மருத்துவர் நாடி பிடித்துச் சொல்வதைப் போல. 0 என்றால் நலமாக முடிந்தது. லினக்ஸில் 139 என்றால் உங்களுக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறீர்கள்: வரிசையின் எல்லையைத் தாண்டியிருக்கலாம், வெற்றுப் பாயிண்டரைப் பின்தொடர்ந்திருக்கலாம். 136 என்றால் பெரும்பாலும் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தது. 134 என்றால் நிரல் தானே நின்றுகொண்டது, பிடிக்கப்படாத எக்ஸெப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) அல்லது தோற்ற அசெர்ட் (நிரலுக்குள் வைத்த சோதனை). 127 என்றால் ஓட்டச் சொன்ன ஃபைலே இல்லை. 139, 136, 134 மூன்றுக்கும் கணக்கு எளிது: நிரலை நிறுத்திய சிக்னலின் (இயங்குதளம் அனுப்பும் அறிவிப்பு) எண்ணை 128-உடன் கூட்டுகிறார்கள், 11-ஆம் சிக்னல் நினைவக மீறல், கூட்டினால் 139. விண்டோஸில் அதே நினைவக மீறல் -1073741819 என்று வரும். -1073741571 என்று வந்தால் ஸ்டாக் (செயல்பாடுகளின் உள் மாறிகளை வைக்கும் நினைவகப் பகுதி) நிரம்பி வழிந்தது. நிற்காமல் தன்னையே அழைக்கும் செயல்பாடு, அல்லது மெயினுக்குள் அறிவித்த மிகப் பெரிய வரிசை.

இந்தக் கடைசிக் காரணம் தனியாகச் சொல்லத் தகுந்தது. 10 லட்சம் முழு எண்கள் கொண்ட வரிசை 40 லட்சம் பைட். லினக்ஸில் ஸ்டாக் வழக்கமாக 8 எம்பி, எனவே பிழைத்துக்கொள்ளும். விண்டோஸில் ஸ்டாக் அதைவிடச் சிறியது, அதே நிரல் அங்கே தொடங்கியதுமே விழும். "நண்பரின் கணினியில் ஓடுகிறது, என்னுடையதில் ஓடவில்லை" என்ற புகார்களில் இது அடிக்கடி ஒளிந்திருக்கும். வெக்டார் (தன் தரவை ஸ்டாக்கில் வைக்காத சி++ வரிசை) பயன்படுத்துங்கள், தீர்ந்தது.

நிரல் ஒரு தரவு ஃபைலைத் திறக்க முயன்று தோற்கிறதா? நான் முதலில் சொன்ன இரண்டாவது விஷயம், எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்பது, இங்கேதான் கடிக்கும். நிரலுக்குள் வெறும் பெயரைக் கொடுத்தால், மூலநிரல் இருக்கும் இடத்தில் தேடாது. ஓடும்போது எங்கே நிற்கிறதோ அங்கே தேடும். ஓட்டும் வரியின் மூன்றாவது கட்டத்தில் %டி என்று போட்டுவிட்டால் சந்தேகமே இல்லை.

ஒரே நிரலைப் பல முறை சோதிக்கும்போது ஒவ்வொரு முறையும் எண்களைக் கையால் தட்டாதீர்கள். அவற்றை இன்புட்.டெக்ஸ்ட் என்ற ஃபைலில் எழுதி வைத்து, ஓட்டும் கட்டளையில் சேருங்கள்:

"./%இ" < இன்புட்.டெக்ஸ்ட்

விசைப்பலகையிலிருந்து வருவதாகவே நிரல் எண்ணிக்கொள்ளும். போட்டிகளுக்குப் பயிற்சி செய்பவர்களுக்கு இந்த ஒரு மாற்றம் மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சமல்ல.

மற்ற மொழிகளுக்குச் சுருக்கமாக. பைத்தானுக்குக் கம்பைல் படி தேவையில்லை. ஓட்டும் கட்டளையில் பைத்தான் என்பதா பைத்தான்3 என்பதா என்று மட்டும் டெர்மினலில் சரிபாருங்கள். விண்டோஸில் பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்தால், உண்மையான பைத்தான் பாத்தில் இல்லை என்று பொருள். ஜாவாவில் பில்டுக்கு ஜாவாசி "%எஃப்", ஓட்ட ஜாவா "%இ". பொது வகுப்பின் பெயரும் ஃபைலின் பெயரும் எழுத்துக்கு எழுத்து, பேரெழுத்து சிற்றெழுத்து உட்பட, ஒன்றாக இருக்க வேண்டும். 2018-ல் வந்த ஜாவா 11 முதல், ஒரே ஃபைலில் அடங்கும் நிரலை ஜாவா என்ற கட்டளைக்கு மூல ஃபைலையே கொடுத்து நேராக ஓட்டலாம். கற்பவருக்கு அதுவே போதும்.

நாளைக்கு சப்லைம் டெக்ஸ்டுக்கு மாறினால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். அதில் கன்ட்ரோல்+பி அழுத்தினால் கீழே விரியும் பலகை அவுட்புட்டைக் காட்ட மட்டும்தான்; அதில் தட்ட முடியாது. எண்ணைக் கேட்கும் நிரல் அங்கே தொங்கி நிற்கும், அல்லது குப்பை விடை தரும். உங்கள் நிரலில் பிழை இல்லை. பில்ட் சிஸ்டம் ஃபைலில் வெளி டெர்மினல் சாளரத்தைத் திறந்து ஓட்டும்படி எழுத வேண்டும், அல்லது மேலே சொன்னபடி இன்புட் ஃபைலைக் கொடுக்க வேண்டும். நோட்பேட்++-இல் என்பிபிஎக்செக் என்ற செருகுநிரலை நிறுவி எஃப்6 அழுத்தினால் அதே மூன்று வரிகளை எழுதலாம்: சேமி, ஃபோல்டருக்குப் போ, கம்பைல் செய்து ஓட்டு.

இப்படிப்பட்ட பலகைகளில் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. சி நிரலில் "எண்ணைக் கொடு" என்று பிரிண்ட்எஃப் செய்கிறீர்கள், திரையில் ஒன்றும் வராது. எண்ணைத் தட்டி நிரல் முடிந்த பிறகு எல்லாம் மொத்தமாகக் கொட்டும். அவுட்புட் டெர்மினலுக்குப் போனால் சி நூலகம் வரிக்கு வரி அனுப்பும். வேறு ஒரு புரோகிராமுக்குப் போனால், எடிட்டரின் பலகை அப்படிப்பட்டதுதான், ஒரு மூட்டை சேரும் வரை தேக்கி வைத்து அனுப்பும். பிரிண்ட்எஃப்-க்குப் பிறகு எஃப்ஃப்ளஷ் (தேங்கியதை வெளியேற்றும் செயல்பாடு) செய்தால் உடனே வரும். சி++-இல் இன்புட்டை வாங்கும் சிஇன், படிப்பதற்கு முன் சிஅவுட்டைத் தானே வெளியேற்றும், அந்தப் பிணைப்பை நீங்கள் அவிழ்க்காத வரை. பைத்தானுக்கு -யு கொடுக்க வேண்டும்.

நிரல் இரண்டு மூன்று ஃபைல்களாக வளரும்போது %எஃப் போதாது. அது திறந்திருக்கும் ஒன்றை மட்டுமே குறிக்கும். அப்போது மேக்ஃபைலுக்கு, அதாவது மேக் கருவி படிக்கும் கட்டளை ஃபைலுக்கு, போங்கள். ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-ல் பெல் ஆய்வகத்தில் எழுதிய மேக் கருவி, எந்த ஃபைல் மாறியதோ அதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். ஜீனியில் ஷிஃப்ட்+எஃப்9 அதை அழைக்கும். விண்டோஸில் அதன் பெயர் மிங்டபிள்யூ32-மேக் என்று இருக்கலாம், கட்டளைக் கட்டத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டேப் குறியோடு தொடங்க வேண்டும். இடைவெளிகள் போட்டால் "மிஸ்ஸிங் செபரேட்டர்" என்று நின்றுவிடும். ஜீனியில் வெள்ளை இடங்களைக் காட்டும் தேர்வை இயக்கினால் டேப் எது, இடைவெளி எது என்று கண்ணுக்குத் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓடவில்லை என்றால் மூன்றை அனுப்புங்கள்: செட் பில்ட் கமாண்ட்ஸ் சாளரத்தில் இருக்கும் வரிகள் அப்படியே, அதே வரியை டெர்மினலில் தட்டினால் வரும் முழுச் செய்தி, உங்கள் ஃபைல் இருக்கும் ஃபோல்டரின் முழுப் பாதை. "வேலை செய்யவில்லை" என்பதை வைத்து என்னால் எதையும் சொல்ல முடியாது. அந்த மூன்றும் இருந்தால் எங்கே அறுந்திருக்கிறது என்று சேர்ந்து கண்டுபிடித்துவிடலாம்.